முடிவாண்டு எழுதப்படாத பதிவு

காலை எட்டு மணி நாற்பத்திரண்டு நிமிடம். கணினித் திரையில் நான் முதலில் கண்டது சாம்பல் நிறத்தில் ஒரு சிறிய பூட்டுப் படம். அதன் கீழே, இந்தக் கட்டுரையை வாசிக்க உங்கள் நிறுவனத்துக்கு அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. பக்கத்தை மூடிவிட்டுத் திரும்பத் திறந்தேன். பூட்டு அப்படியே இருந்தது. அதே சஞ்சிகையின் முந்தைய இதழைத் திறந்தேன். அங்கேயும் பூட்டு. அந்த ஆண்டின் முதல் இதழ் வரை பின்னால் போனேன். எல்லாம் பூட்டு. அதற்கு முந்தைய ஆண்டு மட்டும் தயக்கமில்லாமல் திறந்தது.

ஜனவரி மாதம், செவ்வாய்க்கிழமை. கண்டியின் ஹந்தானை மலைச் சரிவில் இருக்கும் எங்கள் நூலகத்தில் அந்த நேரத்துக்கு என்னைத் தவிர யாரும் வந்திருக்கவில்லை. மேசையில் நான் அச்சிட்டு வைத்திருந்த விண்ணப்பம் ஒன்று கிடந்தது. கெலிஓயாவுக்கும் கம்பளைக்கும் இடையில், மகாவலி ஆற்றங்கரையில் உள்ள ஒரு சிறிய ஆய்வு நிலையத்தின் நூலகத்திலிருந்து வந்தது. மிளகுக் கொடியின் வேர் அழுகல் பற்றிக் கடந்த ஆண்டு வெளியான இரண்டு கட்டுரைகள் வேண்டும், அந்தச் சஞ்சிகை உங்களிடம் தொடர்ந்து வருவதாகக் கூட்டுப் பட்டியல் காட்டுகிறது, அனுப்பி உதவவும். படிவத்தின் அடியில், எதுவும் எழுதக் கூடாத ஓரத்தில், அந்த நூலகத்தின் பொறுப்பாளர் தமிழில் ஒரு வரி சேர்த்திருந்தார். “அவசரம் இல்ல, டீயக் குடிச்சிட்டு அனுப்புங்க.”

நான் அன்று தேநீர் குடித்தேனா என்பது நினைவில்லை.

கூட்டுப் பட்டியல் என்பது பல நூலகங்கள் சேர்ந்து வைத்திருக்கும் ஒரே பட்டியல். எந்தச் சஞ்சிகை எந்த நூலகத்தில், எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை இருக்கிறது என்பதை அதில் பார்க்கலாம். தாளில் அச்சான சஞ்சிகை என்றால் இறாக்கைக்குப் போய் விரலால் தொட்டு எண்ணிவிட்டு வந்து எழுதலாம். இலத்திரனியல் சஞ்சிகைக்கு இறாக்கை கிடையாது. அது வெளிநாட்டில் எங்கோ வெளியீட்டாளரின் கணினியில் இருக்கிறது. எங்களிடம் இருப்பது அதைத் திறப்பதற்கான அனுமதி மட்டும். அந்த அனுமதி தொடங்கிய ஆண்டை எழுதி, ஒரு சிறு கோடு போடுவோம். அனுமதி முடிந்துவிட்டால் கோட்டுக்குப் பிறகு முடிவாண்டு வரும். கோட்டுக்குப் பிறகு ஒன்றும் எழுதாமல் விட்டால், இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். பதிவின் கடைசியில் நூலகத்தின் குறியீடு, திகதி, எழுதியவருடைய பெயரின் முதலெழுத்துகள்.

நூலகத்துக்கு வருவதற்கு முன் நான் கொழும்பில் ஒரு பத்திரிகையில் செய்தி மேசையில் இருந்தேன். பக்கங்களைக் குறைத்தபோது ஆட்களையும் குறைத்தார்கள். புசல்லாவைக்கே திரும்பி வந்து, தினமும் பஸ்ஸில் கண்டிக்குப் போய்வரும் இந்த வேலையில் சேர்ந்தேன். பத்திரிகையில் ஒருவர் இறந்துவிட்டார் என்ற செய்தியை இரண்டு பேரிடம் கேட்காமல் அச்சுக்கு அனுப்ப மாட்டோம். இங்கேயும் அதே மாதிரி இரண்டு சோதனைகள் இருந்தன. முதலாவது, சஞ்சிகையின் முதல் இதழையும் கடைசி இதழையும் நீங்களே திறந்து பார்க்க வேண்டும். இரண்டாவது, இந்த ஆண்டுச் சந்தா கிடைத்தது என்று வெளியீட்டாளர் அனுப்பிய கடிதத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாவது ஏன் என்றால், சந்தா நின்ற பிறகும் வெளியீட்டாளர்கள் சில மாதங்களுக்குக் கதவைச் சாத்த மாட்டார்கள். எப்படியும் கட்டிவிடுவார்கள் என்று காத்திருப்பார்கள். அந்த மாதங்களில் திறந்து பார்த்தால் எல்லாம் திறக்கும். உங்களுடையது அல்ல என்பது கடிதம் இல்லாததிலிருந்துதான் தெரியும்.

ஆய்வு நிலையத்தின் நூலகப் பொறுப்பாளரை முதலில் குரலாகத்தான் அறிந்தேன். கம்பளைக்காரர், முஸ்லிம் பெண், என்னைவிட இரண்டு மூன்று வயது குறைந்தவர், உம்மாவுடன் இருந்தார். அவருடைய வேலை ஒப்பந்த வேலை. ஒவ்வொரு மார்ச்சிலும் குழு கூடிப் புதுப்பிக்க வேண்டும். நான் சேர்ந்த முதல் மாதத்திலேயே தொலைபேசியில் வந்தார்.

“ஒங்கட லைப்ரரியில இந்தச் சஞ்சிகை ஈக்கி எண்டு போட்டீக்கி. நீங்களே தொறந்து பாத்தீங்களா, இல்லாட்டி கம்பனிக்காரன் அனுப்பின லிஸ்ட்டப் பாத்துக் கொப்பி அடிச்சீங்களா?”

“நானே தொறந்து பாத்தேங்க மிஸ்.”

“மொத இதழும்?”

“மொத இதழும் கடைசி இதழும்.”

“கடைசி இதழ்ட அட்டை என்ன கலர்?”

“பச்சை. கீழ ஒரு மஞ்சள் பட்டி.”

சிரித்தார். “செரி. நானும் அட்டையப் பாத்து வச்சிட்டுத்தான் கேட்டேன்.”

அடுத்த வாரங்களில் பதினான்கு சஞ்சிகைகளைப் பற்றி இப்படிக் கேட்டார். வேறு நூலகங்களின் பதிவுகளையும் அவர் இப்படித்தான் குடைவார் என்று பின்னால் தெரிந்தது. எங்கோ ஒரு நூலகத்தில் அவருடைய தொலைபேசி இலக்கத்தைக் கண்டால் எழுந்து போய்விடுவார்களாம். பதினான்காவதுக்குப் பிறகு, “இனி ஒங்களக் கேக்க மாட்டேன் பேப்பர்காரர். மத்த ஆக்களத்தான் கேப்பேன்” என்றார். சொன்னபடியே நடந்தார்.

அதற்குப் பிறகும் அழைப்பு வந்தது, பதிவைச் சோதிக்க அல்ல. பத்து மணி கழிந்து பத்து நிமிடத்துக்குள் மணி அடிக்கும்.

“என்ன பேப்பர்காரர், இன்டைக்கி என்ன பொய் எழுதினீங்க?”

“இன்னும் ஆரம்பிக்கலங்க மிஸ். கரண்ட் வரட்டும்.”

“கரண்ட் இல்லாமலே பொய் எழுதின ஆள் தானே நீங்க.”

தொகுதி எண்கள் குழம்பிய சஞ்சிகைகள், பெயர் மாறிய சஞ்சிகைகள், இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்றான சஞ்சிகைகள் என்று எங்களுக்குப் பேச நிறைய இருந்தது. வேறு யாரிடமும் பேச முடியாத விடயங்கள். நேரில் பார்த்தது குறைவு. என் பஸ் அவருடைய நிலையத்தின் வாசலைத் தாண்டித்தான் போகும். ஒருமுறை நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், மாலையில், வாசலில் நின்று பஸ்ஸை மறித்து ஒரு டப்பாவை நடத்துநரிடம் நீட்டினார். “பின்னால நீலச் சட்டை போட்ட அண்ணனுக்குக் குடுங்க. வழியில தொறக்காதீங்க.” நடத்துநர் டப்பாவை முகர்ந்து பார்த்துக்கொண்டே வந்தார். “வட்டிலப்பம். பஸ்ல சாமான் ஏத்தினா சார்ஜ் இருக்குங்கண்ணே, பாதி எனக்கு” என்றார். பாதியைக் கொடுத்தேன்.

நாட்டில் டொலர் இல்லாமல் போன வருடத்தில் எங்கள் நூலகத்தின் சந்தாப் பணமும் முழுதாகப் போகவில்லை. விண்ணப்பம் வங்கியில் காத்திருந்தது. இது எனக்குத் தெரியும். எந்தெந்தச் சஞ்சிகைக்குப் போனது, எதற்குப் போகவில்லை என்பதுதான் தெரியாது. ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை. பிற்பகல் மூன்று மணிக்கு மின்வெட்டு. அதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட பதிவுகளைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பஸ்கள் குறைவாக ஓடியதால் வாரத்தில் இரண்டு நாள்தான் வேலைக்கு வந்தேன். எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். மிளகுக்காரர்களுக்கு வேண்டிய அந்தச் சஞ்சிகையும் திறந்தது. முதல் இதழ், கடைசி இதழ், கடைசி இதழின் அட்டை மண் நிறம்.

வெளியீட்டாளர்களின் கடிதங்கள் பூட்டிய அலுமாரியில் இருந்தன. அலுமாரித் திறப்பு எங்கள் அலுவலக உத்தியோகத்தரிடம். அவர் கெட்டம்பேயில் பெற்றோல் வரிசையில் இரண்டாவது நாளாக நின்றார். தொலைபேசியில் கேட்டேன்.

“எனக்கு முன்னால இன்னும் முப்பத்தேழு வண்டி நிக்குதுப்பா. திங்கக்கிழம பாப்பமே. கடுதாசி எங்க ஓடிறப் போவுது?”

இரண்டு மணி ஐம்பதுக்கு அந்தப் பதிவை எழுதினேன். தொடங்கிய ஆண்டு, கோடு, கோட்டுக்குப் பிறகு ஒன்றுமில்லை. திகதி. என் முதலெழுத்துகள். திங்கட்கிழமை காலை மின்சாரம் இல்லை. பிற்பகல் வேறு வேலை வந்தது. அந்தக் கடிதத்தை நான் பார்க்கவில்லை. அப்படி ஒரு கடிதம் வரவே இல்லை.

ஜனவரி மாதத்து அந்தச் செவ்வாய்க்கிழமை, ஒன்பது மணி ஐந்துக்கு அவரை அழைத்தேன்.

“அதுக்குள்ள டீ குடிச்சாச்சா?”

“அந்த மிளகுச் சஞ்சிகை தொறக்குதில்லைங்க மிஸ்.”

“கரண்ட் இல்லியா?”

“இருக்கு. அனுமதி இல்லன்னு வருது. போன வருசம் முழுக்கப் பூட்டியிருக்கு.”

“நீங்க எழுதினீங்களே.”

“ஜூன்ல எழுதினப்ப தொறந்துச்சு. கடிதம் பாக்கல.”

அவர் பக்கத்தில் வீதியில் ஒரு லொறி கியர் மாற்றிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது.

“கடிதம் பாக்கல்ல” என்றார். அது கேள்வி அல்ல.

பிறகுதான் ஒக்டோபரில் நடந்ததைச் சொன்னார். புதிய ஆண்டுக்கு அவருடைய நிலையத்தால் ஒரு சஞ்சிகையை மட்டுமே வைத்துக்கொள்ள முடியும் என்று வந்தது. மிளகு நோய்களைப் பற்றிய இந்தச் சஞ்சிகையா, மண்ணைப் பற்றிய இன்னொன்றா என்று கூட்டம். அவர் கூட்டுப் பட்டியலைப் பார்த்தார். மண் சஞ்சிகை வேறு எங்கும் இல்லை. மிளகுச் சஞ்சிகை எங்களிடம் தொடர்ந்து வருவதாக இருந்தது. ஆகவே மிளகுச் சஞ்சிகையை நிறுத்துவோம், தேவையானதை ஹந்தானையிலிருந்து கேட்டு வாங்கித் தருகிறேன் என்றார். வேர் அழுகலை ஆராயும் மூத்த உத்தியோகத்தர் எதிர்த்தார். அந்தப் பதிவு சரி என்று எப்படித் தெரியும் என்று கேட்டார். எழுதியவரை எனக்குத் தெரியும், பார்க்காமல் எழுத மாட்டார் என்று இவர் சொன்னார். அது கூட்டக் குறிப்பில் இருக்கிறது. நிறுத்தச் சொல்லி வெளியீட்டாளருக்கு எழுதியதும் இவர்தான். அவர்களுடையது மலிவுச் சந்தா, நிறுத்தினால் பழைய இதழ்களும் பூட்டிவிடும்.

அந்த வருடம் அவரை நிரந்தரமாக்குவதற்கான கடிதம் மேலே போயிருந்தது. மார்ச்சில் தீர்மானிக்கும் குழுவில் அந்த மூத்த உத்தியோகத்தரும் ஓர் உறுப்பினர்.

“நிறுத்த முந்தி ஒரு ஃபோன் எடுத்துக் கேட்டிருக்கலாமேங்க மிஸ்” என்றேன். இதைச் சொன்னது நான்தான். குரலை உயர்த்தவில்லை, ஆனால் சொன்னேன்.

“வேற யாராச்சும் எழுதியிருந்தாக் கேட்டிருப்பேன்” என்றார்.

அன்றே பதிவைத் திருத்தினேன். கோட்டுக்குப் பிறகு நான்கு இலக்கங்கள். ஒரு நிமிடத்துக்கும் குறைவான வேலை. கட்டுரைகளை எழுதிய ஆய்வாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டேன். ஒருவர் அந்த வாரமே அனுப்பினார். மற்றவரிடமிருந்து பதில் இல்லை. வேறு நூலகங்களைக் கேட்டேன். இரண்டு இடங்களில், எங்கள் பதிவைப் பார்த்து அவர்களும் அந்தச் சஞ்சிகையை நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். மூத்த உத்தியோகத்தரின் அறிக்கை அந்த ஒரு கட்டுரை இல்லாமலே அனுப்பப்பட்டது. அவர் பொறுப்பாளர் மேல் எழுத்து மூலம் முறையிட்டார்.

எங்கள் நூலகத் தலைவியிடம் நடந்ததைச் சொல்லி, அந்த நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றேன். அவர் நான் எழுதி வைத்திருந்த வரைவை இரண்டு தடவை வாசித்தார். சிங்களத்தில் சொன்னார், “உங்கள் பிழையை எழுதுங்கள். முதல் பந்தியோடு நிறுத்துங்கள். இரண்டாவது பந்தி வேண்டாம்.”

இரண்டாவது பந்தியில்தான் நான் முழுவதையும் விளக்கியிருந்தேன். பதிவுக்கு இரண்டு சோதனைகள் உண்டு, முதலாவதைச் செய்தேன், இரண்டாவதைச் செய்யவில்லை, அந்த இரண்டாவது சோதனையின் பெறுபேற்றை எந்த நூலகமும் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம், இந்தப் பதிவு குறித்து யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு வசனமும் உண்மை. பாதியை மட்டும் எழுதினால் யாரோ என்னைக் கொண்டு எழுதுவித்தது போலத் தெரியும் என்று நினைத்தேன். பொறுப்பாளருக்காகச் சாட்சி சொல்கிறவனை நம்ப வேண்டும் என்றால் ஒன்றையும் விடக் கூடாது என்று நினைத்தேன். இரண்டாவது பந்தியை எடுக்காமல் அப்படியே வைத்தேன்.

பெப்ரவரியில் ஒரு காலை, கண்டிக்குப் போகும் வழியில் ஆய்வு நிலைய வாசலில் இறங்கினேன். நிலையத்தின் பணிப்பாளர் யாழ்ப்பாணத்துக்காரர். கடிதத்தை நின்றபடியே வாசித்தார். பிறகு கதிரையைக் காட்டி என்னை இருக்கச் சொன்னார்.

“நேர்மையா எழுதியிருக்கிறியள். நன்றி. நீங்கள் பாக்கேல்லை எண்டது விளங்குது. ஆனா கேட்டிருக்கலாம், அவவும் கேக்கேல்லை எண்டது எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. பட்டியல் பிழை எண்டுதான் நாங்கள் விளங்கியிருந்தம்.”

“அவங்க என்னைய நம்பித்தான் கேக்கல சேர்.”

“ஓம். அதைக் கோப்பிலை எப்பிடி எழுதிறது?”

கடிதத்தின் மேல் மூலையில் திகதி முத்திரை குத்தி, துளையிட்டு, ஒரு மண் நிறக் கோப்பில் கோத்தார். அவர் கெட்டவர் அல்லர். எனக்குத் தேநீர் வேண்டுமா என்று கேட்டார்.

நூலகம் கட்டடத்தின் பின்பக்கம். ஒரே அறை. ஆற்றைப் பார்த்த யன்னல், நான்கு இறாக்கைகள், இரண்டு கதிரைகள். பொறுப்பாளர் யாருடைய பதிவையோ பற்றித் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார். “கடிதத்தக் கையில வச்சிக்கிட்டா செல்றீங்க? வாசிங்க பாப்பம். திகதிய வாசிங்க.” என்னைக் கண்டதும் தொலைபேசியை வைத்தார்.

கடிதம் கொடுத்ததைச் சொன்னேன். நகலை நீட்டினேன். முதல் பந்தியை வாசிக்கும்போது தலையாட்டினார். இரண்டாவது பந்தியில் விரலை வைத்துக்கொண்டு வாசித்தார். முடித்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

“இத ஏன் அண்ணன் எழுதினீங்க?”

“எல்லாத்தையும் எழுதினாத்தான் நம்புவாங்கன்னு...”

“நம்பிட்டாங்க. இப்ப ரெண்டு பேரும் பாக்கல்லண்டு எழுத்துல ஈக்கி.”

நான் அதைத் திரும்ப வாங்கிவிட முடியுமா என்று கேட்டேன். முத்திரை குத்தியாச்சா என்று கேட்டார். ஆச்சு என்றேன். நகலை நான்காக மடித்து மேசை லாச்சியில் வைத்தார். என் அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். சொன்னேன். வாசல் வரை வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. குடை கொண்டு வரவில்லையா என்று கேட்டார். பஸ் வர ஒன்பது நிமிடம் எடுத்தது.

அதற்குப் பிறகு காலையில் அழைப்பு வரவில்லை. நான் இரண்டு தடவை அழைத்தேன். இரண்டு தடவையும் கேட்டதற்குப் பதில் சொன்னார், மிகச் சரியாக.

மார்ச் கடைசி வாரம், பத்து மணி பத்துக்கு மணி அடித்தது.

“அண்ணன், வேலையா?”

“இல்லைங்க மிஸ், சொல்லுங்க.”

“கடிதம் வந்தீக்கி. புதுப்பிக்கல்ல.”

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

“ஈங்க, வாசிக்கிறேன். காரணம் எண்டு ஒரே ஒரு வசனம் தான் போட்டீக்கி.” ஆங்கிலத்தில் வாசித்தார். சந்தாவை நிறுத்துமுன், கேட்டுப் பெற்றுக்கொள்ளக் கூடியதாக இருந்த உறுதிப்படுத்தலைப் பொறுப்பாளர் கேட்டுப் பெறவில்லை. வாசித்து முடித்ததும் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. “ஒங்கட வசனம் தானே? முன்னுக்குப் பின்ன மாத்தியிருக்காங்க, அவ்வளவுதான். நல்லா எழுதுறீங்க அண்ணன். எனக்கு இப்பிடி எழுத வராது.”

மேலிடத்துக்கு எழுதலாம், நானே வந்து சொல்கிறேன் என்றேன்.

“வாணாம்” என்றார். அவசரமாகச் சொன்னார். “நீங்க ஒண்டும் எழுத வாணாம்.”

உம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நல்லா இருக்கிறார் என்றார். மண் சஞ்சிகையின் இந்த ஆண்டுக் கடிதம் வந்துவிட்டது, மேசையில் முதல் லாச்சியில் வைத்திருக்கிறேன், வருகிறவர்கள் கேட்டால் சொல்லுங்கள் என்றார். ஸலாம் சொல்வது போல ஏதோ சொல்லி, தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து அவர் அங்கு இல்லை. சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்குப் பிறகு, கம்பளை பஸ் நிலையத்தில் அவரையும் உம்மாவையும் ஒருமுறை வீதியின் மறுபக்கத்தில் கண்டேன். கையில் மருந்துப் பை இருந்தது. அவர் என்னைக் கண்டாரா என்பது தெரியாது. என் பஸ் புறப்பட்டுவிட்டது.

அவருடைய இடத்துக்கு இதுவரை ஆள் எடுக்கவில்லை. அந்த நூலகத்தின் இருப்புகளைக் கூட்டுப் பட்டியலில் பதியும் வேலை, மே மாதத்திலிருந்து என்னிடம் தரப்பட்டிருக்கிறது.